பழைய காரின் பின் ஆக்சிலை மாற்றப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க

அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய வீடு. போர்டிகோவில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வாங்கிய கார். அவர் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தோறும் பெசன்ட் நகர் கடற்கரை வரை போய் வந்தது. இப்போது அதை மறுபடி ஓட்ட வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. மெக்கானிக் வந்து பார்க்கிறார். இன்ஜின் பரவாயில்லை. பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "சார், பின் ஆக்சில் போச்சு. இதுக்கு சாமான் கிடைக்காது. வேற வண்டி ஆக்சில் ஒண்ணை வெட்டி ஒட்டிடலாம்" என்கிறார்.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்பட்டு "சரி" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு "சரி"யில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, உங்கள் உயிர்ப் பாதுகாப்பு. இரண்டு, காரின் பதிவுச் சான்றிதழ், அதாவது ஆர்.சி. மூன்று, அந்தக் காரின் பழமை மதிப்பு. மூன்றும் பத்திரமாக இருக்க என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பின் ஆக்சில் செய்யும் வேலைகள்

பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் முன்னால், தள்ளும் சக்கரங்கள் பின்னால். கியர்பாக்ஸிலிருந்து ஒரு நீளமான ஷாஃப்ட் காரின் அடியில் பின்பக்கம் வரை போகும். அது சுற்றும் திசை வேறு, சக்கரம் சுற்ற வேண்டிய திசை வேறு. இந்தத் திருப்பத்தைச் செய்வது கிரவுன் பினியன் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பல் சக்கர ஜோடி. சிறிய பினியன் பலமுறை சுற்றினால் பெரிய கிரவுன் ஒருமுறை சுற்றும். இதனால் வேகம் குறைந்து இழுவை கூடும்.

இரண்டாவது வேலை டிஃபரன்ஷியலுடையது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி செய்வது இதுதான்.

மூன்றாவது வேலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காரின் பின்பாரம் சக்கரத்துக்குப் போவதும், பிரேக் பிடிக்கும்போது வரும் விசையைத் தாங்குவதும் இந்தப் பகுதியில்தான். பல பழைய கார்களில் ஆக்சில் ஷாஃப்ட்டே சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஷாஃப்ட் உடைந்தால் வண்டி நிற்பதோடு போகாது, சக்கரமே கழன்று ஓடிவிடலாம். அதனால்தான் இதை "சும்மா ஒரு சாமான்" என்று நினைக்கக் கூடாது.

நம்ம ஊர்க் கார் சொல்லும் பாடம்

ஹெரால்டை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இது சென்னையில் தயாரான கார். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-ல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை நகருக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் இங்கே தயாரித்தார்கள். நான்கு கதவு வைத்த ஹெரால்டை இந்தியாவுக்காகவே தனியாக உருவாக்கினார்கள்.

அதே காலத்து அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் பின்னால் இருப்பது லைவ் ஆக்சில். ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கச் சக்கரம் வரை ஒரே உறுதியான குழாய் கூடு, அதற்கு நடுவில் டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் நீளவாக்கில் கமான்பட்டை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறு சக்கரமும் சேர்ந்து சாயும். ஆனால் அமைப்பு எளிமையானது, முரட்டுத்தனமானது. எந்த ஊர்ப் பட்டறையிலும் சரிசெய்துவிடலாம்.

ஹெரால்டில் இருந்தது ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு போல்ட் போட்டு அசையாமல் நிற்கும். அதன் மேல் குறுக்காக ஒரே ஒரு கமான்பட்டை. இரண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட்டுகள் தனித்தனியாக, பறவையின் இறக்கைகள் மாதிரி மேலும் கீழும் அசையும். மேடு பள்ளத்தில் சொகுசாகப் போகும். ஆனால் வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பாகம் மேலே எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். சாலையில் டயரின் பிடிப்பு போய்விடும். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய புத்தகத்தில் செவ்ரோலெட் கார்வேர் காரைப் பற்றிச் சொன்ன முக்கியமான குறையும் இந்த வகை ஸ்விங் ஆக்சிலைப் பற்றியதுதான்.

1972-ல் ஹெரால்டின் அடுத்த வடிவமாக ஸ்டாண்டர்ட் கெசல் வந்தது. இன்ஜின் அதே 948 சிசி. ஆனால் பின்னால் ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு லைவ் ஆக்சில் போட்டார்கள். அதாவது, உங்கள் மெக்கானிக் இன்று சொல்லும் யோசனையைக் கம்பெனியே ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் செய்து பார்த்துவிட்டது!

"அப்போ நாமும் செய்யலாமே?" என்று கேட்கத் தோன்றும். வித்தியாசம் இதுதான். ஆக்சில் எங்கே பொருந்த வேண்டும், பாரம் எந்த இடத்தில் இறங்க வேண்டும், பிரேக் எப்படி மாற வேண்டும் என்றெல்லாம் பொறியாளர்கள் கணக்குப் போட்டு, அதை ஒரு தனி மாடலாகவே வெளியிட்டார்கள். நாம் செய்யப்போவது வேறொரு மாடலாகப் பதிவான காரை வெட்டி ஒட்டுவது. பொறியியலிலும் சட்டத்திலும் இவை இரண்டும் ஒன்றல்ல.

முதலில் நோயைக் கண்டுபிடிங்க

"ஆக்சில் போச்சு" என்று பொதுவாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எது போச்சு என்று கேளுங்கள். பல நேரம் முழு ஆக்சிலும் நன்றாகத்தான் இருக்கும், ஒரு பேரிங்கோ சீலோ மட்டும் போயிருக்கும்.

* ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் "ஊய்" என்று ஊளையிட்டால், அல்லது காலை எடுத்ததும் மட்டும் அந்தச் சத்தம் வந்தால், சந்தேகம் கிரவுன் பினியன் மேல்.
* கால் வைத்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி "கர்ர்ர்" என்று வந்து, வேகத்தோடு கூடினால், சக்கர பேரிங்காக இருக்கலாம்.
* வளைவில் திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால் டிஃபரன்ஷியலின் உள்பற்களையும் சக்கர பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* கிளட்சை விடும்போது "டங்" என்று ஒரு அடி அடித்தால் கிராஸ் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். விலை குறைந்த சாமான், எளிய வேலை.
* பின் பிரேக் டிரம் உள்ளே எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. எண்ணெய் பட்ட பிரேக் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது.

சென்னைக்காரர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். ஆக்சில் கூட்டில் காற்று போய் வர ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும். ஓடிச் சூடான ஆக்சில் மழைத் தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. உங்கள் கார் அப்படி நின்றிருந்தால் பின் ஆக்சில் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு வண்டியை ஓட்டாதீர்கள். பேரிங்கும் பற்களும் துருப்பிடித்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்த பிறகே புது எண்ணெய்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம் தேவை. கிரவுன் பினியன் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று உரசிக்கொண்டே சுற்றுவதால் சாதாரண இன்ஜின் ஆயில் தாங்காது. கார் கையேட்டில் சொன்ன ஈ.பி. வகை கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அளவு, ஊற்றும் துளையின் விளிம்பு வரை. "கொஞ்சம் கூட இருக்கட்டுமே" என்று ஊற்றினால் அது சீலைத் தாண்டி பிரேக்குக்குத்தான் போகும்.

ரேஷியோ: கணக்கு தெரிந்தால் ஏமாற மாட்டீங்க

கிரவுன் ஒருமுறை சுற்ற பினியன் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதுதான் ரேஷியோ. 948 சிசி ஹெரால்ட் சலூனில் இது 4.875. அதாவது கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல். பிறகு இங்கிலாந்தில் வந்த 1200 சிசி ஹெரால்டில் இது 4.11. அங்கே 37 பல், 9 பல்.

உங்கள் காரில் எது இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். சமதளத்தில் காரை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. தூக்கிய சக்கரத்திலும் நடு ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சக்கரத்தை மெதுவாக 20 முறை சுற்றுங்கள். இன்னொருவர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணட்டும். அந்த எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் அதுதான் ரேஷியோ. ஏறக்குறைய 49 சுற்று வந்தால் 4.875. 41 சுற்று வந்தால் 4.11. மறு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் கணக்கைப் பாதியாக்குகிறது. அதனால்தான் 20 சுற்றுக்குப் பத்தால் வகுக்கிறோம்.

சரி, ரேஷியோவை மாற்றினால் என்ன ஆகும்? டயர் ஒரு சுற்றில் 1.76 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது:

* 4.875 ரேஷியோவில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,690 சுற்று சுற்றும்.
* 4.11 ரேஷியோவில் ஏறக்குறைய 3,110 சுற்று.
* 3.89 ரேஷியோவில் ஏறக்குறைய 2,950 சுற்று.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் வருபவருக்கு 4.11 கேட்க இனிமையாக இருக்கும். இன்ஜின் கத்தாது, பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை 16 சதவீதம் குறையும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏலகிரி மலைப்பாதையில் ஏறினால், அந்தச் சின்ன 948 சிசி இன்ஜின் முதல் கியரிலேயே முனகும். சர்தார் படேல் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும்போது கிளட்சும் சீக்கிரம் தேயும்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. ஸ்பீடோமீட்டருக்கு வரும் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. 4.875-க்கு அமைத்த மீட்டரை அப்படியே வைத்துவிட்டு 4.11 ஆக்சில் போட்டால், மீட்டர் குறைத்துக் காட்டும். முள் 60-ல் நிற்கும்போது உண்மையில் நீங்கள் 71-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஐம்பது வருடப் பழைய டிரம் பிரேக்கோடு இந்த 11 கிலோமீட்டர் வித்தியாசம் சின்ன விஷயமா? ரேஷியோவை மாற்றினால் மீட்டரையும் திருத்தியே ஆக வேண்டும்.

உங்களுக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

முதல் வழி, இருப்பதையே பழுது பார்ப்பது. பேரிங், சீல், கிராஸ், புஷ் எல்லாம் மாற்றி, கமான்பட்டையைச் சரிசெய்வது. பேரிங்கும் சீலும் பெரும்பாலும் அளவை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும். பழைய பேரிங்கின் மேல் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். கிரவுனையும் பினியனையும் ஜோடியாக மட்டுமே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போட்டால் சத்தமும் தேய்மானமும் நிச்சயம். ஹெரால்டின் பின் ஹப்பைக் கழற்ற அதற்கென்றே உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் ஷாஃப்ட் வளைந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு இந்த முதல் வழியே போதும்.

இரண்டாவது வழி, அதே வகையில் வேறொரு ஆக்சில். இன்னொரு ஹெரால்டின் டிஃபரன்ஷியலை வாங்கிப் பொருத்துவது. வாங்கும் முன் பினியன் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். லேசான விளையாட்டு இருக்கலாம். தண்டே மேலும் கீழும் ஆடினால் வேண்டாம். பின்மூடியைத் திறந்து எல்லாப் பற்களையும் ஒரு முழுச் சுற்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வழி, அதே குடும்பத்தின் பிற்கால மேம்பாடு. ட்ரையம்ஃப் நிறுவனமே ஸ்விங் ஆக்சிலின் குறையைத் திருத்த முயன்றது. ஸ்பிட்ஃபயர் நான்காம் மாடலில், குறுக்குக் கமான்பட்டையின் அடிப்பட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்ற பட்டைகள் நடுவில் ஊஞ்சல் போல அசையும்படி மாற்றினார்கள். சக்கரம் உள்நோக்கி மடங்குவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதோடு முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரையும் தடிமனாக்கினார்கள். பின்பக்கத்தை மட்டும் மாற்றி முன்பக்கத்தை விட்டுவிட்டால் வளைவில் கார் அளவுக்கு மீறிச் சாயும். இந்தப் பாகங்களை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நான்காவது வழி, வேறொரு காரின் லைவ் ஆக்சிலை வெட்டிப் பொருத்துவது. மெக்கானிக் சொன்னது இதுதான். இதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பார்க்கலாம்.

வெட்டி ஒட்டுவதில் எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

அகலம்: புது ஆக்சில் அகலமாக இருந்தால் டயர் மட்கார்டில் உரசும். அதைக் குறுக்க ஹவுசிங்கை வெட்டி வெல்டிங் செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் கோணலாக ஒட்டினாலும் பேரிங்கும் சீலும் மாதக்கணக்கில் போய்விடும். உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டை வெட்டி வெல்டிங் செய்வதை எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூட்டில் அதன் கடினத்தன்மை மாறிவிடும். ஒருநாள் ஓட்டத்தில் அந்த இடத்திலேயே உடையும்.

சக்கர போல்ட்: ஹெரால்டில் நான்கு போல்ட்டுகளும் 95.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். மாருதி ஆம்னியில் அது 114.3 மில்லிமீட்டர். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று ஆகிவிட்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் பொருந்தாது. நடுராத்திரி பஞ்சரானால் தெரியும் கஷ்டம்.

பினியன் கோணம்: கியர்பாக்ஸின் பின்முனையும் பினியன் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கிராஸ் ஜாயிண்ட் சுற்றுக்குச் சுற்று வேகம் மாறி, குறிப்பிட்ட வேகத்தில் கார் முழுக்க அதிரும். நடு ஷாஃப்ட்டின் நீளம் மாறினால் அதை மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும்.

பாரம் இறங்கும் இடம்: ஹெரால்ட் சேஸிஸ், பாரத்தை நடுவில் இருக்கும் குறுக்குப் பட்டை வழியாகத் தாங்கும்படி செய்யப்பட்டது. லைவ் ஆக்சிலுக்கு நீளவாக்குப் பட்டை போட்டால் பாரம் புதிய இடங்களில் இறங்கும். அந்த இடத்தில் சேஸிஸ் துருப்பிடித்து மெலிந்திருந்தால், வெறும் பிராக்கெட் ஒட்டினால் நிற்காது. கடற்காற்று வீசும் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கக் கார்களில் இதை முதலில் தட்டிப் பாருங்கள்.

பிரேக்: பெரிய காரின் ஆக்சிலோடு பெரிய பின் பிரேக்கும் சேர்ந்து வரும். "நல்லதுதானே" என்று தோன்றும். ஆனால் முன் பிரேக் பழையதாக இருக்க, பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் அப்படியே சுழன்றுவிடும். மழை பெய்த திரு.வி.க. பாலத்தின் மேல் இதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆசை இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. வாகனத்தின் கட்டமைப்பில் செய்யும், அதன் அடிப்படைத் தன்மையை மாற்றும் மாற்றத்தையே சட்டம் "மாற்றம்" என்று விளக்குகிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

இதை நம் விஷயத்தில் பொருத்திப் பார்ப்போம். பேரிங், சீல், கிரவுன் பினியன் மாற்றுவதும், அதே வகை ஆக்சிலைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பு. சேஸிஸை வெட்டி, வேறு வகை ஆக்சிலை வெல்டிங் செய்து, காரின் எடையோ சக்கர இடைவெளியோ மாறினால், அது கட்டமைப்பு மாற்றம் என்ற கேள்விக்குள் வந்துவிடும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

அதனால், வேலை தொடங்கும் முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள். தென்சென்னைக்கான டி.என்.07 அலுவலகம் திருவான்மியூரில் இருக்கிறது. செய்யப்போகும் வேலையை ஒரு பக்கத்தில் எழுதி, ஆர்.சி. நகலோடு கொடுத்து, பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று யார் சொன்னாலும் அது ஆவணம் ஆகாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நடந்த பிறகு தெரியவந்தால், இழப்பீடு கோரும்போது சிக்கல் வரலாம்.

50 ஆண்டு தாண்டிய காரா? இன்னொரு முறை யோசிங்க

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் பழங்கால வாகனங்களுக்கென்று தனி விதிகள் சேர்க்கப்பட்டன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். முக்கிய நிபந்தனை, வாகனம் அதன் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. லைவ் ஆக்சிலுக்காகச் சேஸிஸை வெட்டினால் இந்த வாய்ப்பை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

விண்ணப்பம் பரிவாகன் இணையதளம் வழியாக. விதிகளில் சொன்ன கட்டணம், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வாகனம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தாத்தா காலத்து மெட்ராஸ் எண் பலகையைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. புதிய பதிவுகளுக்கு வி.ஏ. என்ற எழுத்துள்ள தனி வரிசை தரப்படும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பழங்கால வாகனமாகப் பதிந்த காரை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. தினமும் ஓட்ட வேண்டும் என்றால் வழக்கமான பதிவையே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதற்கு 25-ம் எண் படிவம், வாகன ஆய்வு, காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று, பசுமை வரி ஆகியவை தேவை. கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஆகவே முதலில் முடிவெடுக்க வேண்டியது, "எந்த ஆக்சில்?" என்பதல்ல. "இந்தக் காரை நான் எதற்காக வைத்திருக்கப் போகிறேன்?" என்பதுதான்.

பில், பழைய எண்ணெய், குறைதீர்ப்பு

புதுப்பேட்டையோ வேறு எந்தச் சந்தையோ, பழைய பாகம் வாங்கினால் விற்றவரின் பெயர், முகவரி, பாகத்தின் விவரம் உள்ள பில் கேட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி குற்றம். பில் இருந்தால் நீங்கள் நேர்மையாக வாங்கியதற்கு அது சான்று.

பட்டறையில் வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். கழற்றும்போதும் பூட்டும்போதும் படம் எடுங்கள். கழற்றிய அசல் பாகங்கள் அனைத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரும்புக்கடை விலை கொஞ்சம்தான். ஆனால் நாளை காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நினைத்தால் அவை இல்லாமல் முடியாது.

வேலை சரியில்லை, பட்டறை பொறுப்பேற்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தீரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வடித்த பழைய கியர் எண்ணெயைத் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். நம் பகுதியில் அது போய்ச் சேருவது பெரும்பாலும் அடையாற்றில்தான். கேனில் பிடித்து, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

புறப்படும் முன் ஒரு சரிபார்ப்பு

1. என்ன பழுது என்று பாகத்தின் பெயரோடு எழுதி வாங்கியாச்சா?
2. இருப்பதையே சரிசெய்ய முடியாது என்பது உறுதியா? இரண்டாவது மெக்கானிக்கிடம் கேட்டீர்களா?
3. ரேஷியோவை எண்ணிப் பார்த்தாச்சா? மாறினால் ஸ்பீடோமீட்டரைத் திருத்த ஏற்பாடு உண்டா?
4. சேஸிஸை வெட்டாமல், போல்ட்டில் பொருந்தும் வழி இருக்கிறதா?
5. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதில் கையில் இருக்கிறதா? காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லியாச்சா?
6. பில், படங்கள், கழற்றிய பாகங்கள் எல்லாம் பத்திரமா?
7. வேலை முடிந்த பிறகு, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி, 100 கிலோமீட்டருக்குள் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தாச்சா? டிரம் பக்கம் எண்ணெய் கசிகிறதா?

ஏழுக்கும் "ஆமாம்" என்று பதில் சொல்ல முடிந்தால், தார்ப்பாயை எடுத்துவிட்டு சாவியைப் போடுங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் வரை போய்வாங்க. தாத்தா ஓட்டிய மாதிரியே, கொஞ்சம் மெதுவாக.